ஒப்பிடுவதற்கு ஒரு துணி

ஜூன் 3, திங்கள்

"டீச்சர், வாயு இருக்கிற இடம் முழுக்கப் பரவும்னு சொன்னீங்களே. அப்போ ஹெட்மாஸ்டர் ரூம் சிகரெட் புகை மட்டும் ஏன் அந்த ரூமுக்குள்ளயே நிக்குது?"

எட்டாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்சு, இரட்டைப் பின்னல். கேட்டு இருபது வருடமாவது இருக்கும். புகை அறைக்குள் நிற்கவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த நிமிடம் அது வராந்தாவைத் தாண்டி எங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தது. நீங்கள் எல்லோரும் ஏன் அது அங்கேயே நிற்பதாக நடிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. முப்பத்தொரு வருடம் அறிவியல் எடுத்தவள் சொன்ன பதில்: "பாடத்துல இல்லாததைக் கேக்காத. உட்காரு."

இன்று டாக்டர் கேட்டதும் அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். போன மாதம் இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தேனே, அதற்கான மறுபார்வை. ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் 190-இல் நின்றது. என் வயதுக்கு முந்நூறாவது வர வேண்டுமாம். வாழ்க்கையில் முதல் முறையாக ஃபெயில்.

"வீட்டுல யாராவது புகை பிடிக்கிறாங்களாம்மா?"

"எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாது டாக்டர். நானும் என் பொண்ணும்தான்."

"அப்போ வெளியிலேர்ந்து வருது. எங்கேர்ந்துன்னு கண்டுபிடிங்க. இன்னொரு தடவை அப்படி இழுத்தா, போன தடவை மாதிரி சுலபமா திரும்பி வருவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது.

எங்கிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு என் மூக்கு ஓய்வு பெற்றுவிட்டது. பால் அடிப்பிடித்தாலும் தெரியாது. இருமல் மட்டும் தவறாமல் வேலைக்கு வருகிறது.

ஜூன் 4, செவ்வாய்

எங்கிருந்து என்பதில் சந்தேகம் என்ன? கதவைத் திறந்தால் மாடிப்படித் திருப்பம். அங்கே மூன்று பேர், காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும். சுவரில் 'புகை பிடிக்காதீர்' என்று பலகை இருக்கிறது. அதில் சிகரெட் படத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டின் மேல் அழுத்தித்தான் எல்லோரும் அணைக்கிறார்கள். கோடு முழுக்கக் கறுப்புப் பொட்டு. பலகையைப் பயன்படுத்தவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

பொறுமையாகக் கேட்டேன். ஆளுக்கு ஒரு பதில். பழக்கதோஷம், திருத்திவிட்டேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்: "நான் ஜன்னல் பக்கம் திரும்பித்தான் டீச்சர் விடறேன்." பத்துக்கு இரண்டு. ஜன்னல் ஒன்று இருப்பதைக் கவனித்ததற்காக. அது திறக்காத ஜன்னல்.

இன்ஷூரன்ஸ்காரர்: "ரோட்டுல வண்டிப் புகை இதைவிட ஜாஸ்தி டீச்சர். அதை யாராவது கேக்கறாங்களா?" ஒன்று. பக்கத்து பெஞ்சுக்காரன் அதிகமாகக் காப்பியடித்தான் என்பதற்காக இவனுக்கு நான் மார்க் போட முடியுமா?

நாலாம் மாடி மாப்பிள்ளை: "வீட்டுல கைக்குழந்தை இருக்கு டீச்சர். அதான் நான் உள்ள பிடிக்கறதே இல்ல. இங்க இறங்கி வந்துடுவேன்." ஆறு. பெற்ற பிள்ளை மேல் பாசம் இருக்கிறது. ஒரு மாடி கீழே இருப்பவளும் யாரோ பெற்ற பிள்ளைதான் என்பது அடுத்த பாடம்.

ஜூன் 6, வியாழன்

நூலகத்திலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண். இருபத்தைந்து இருக்கும். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் நாலு ஆண்கள், அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள், எல்லோர் கையிலும் அதே சிகரெட். தெருவே நின்று பார்த்தது, அவளை மட்டும். ஒரு பெரியவர் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்.

மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

"நீ என்னம்மா பண்ணின?"

"நானும் பார்த்தேன். பார்க்காம எப்படி? என்ன துணிச்சல்டீ அவளுக்கு! பெத்தவங்க பாவம்."

"ம்" என்றாள். குளிக்கப் போய்விட்டாள். இன்றைக்குக் குளிப்பது இரண்டாவது முறை. வெயில்.

ஜூன் 9, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். மகள் தட்டச்சு செய்து கொடுத்த மனுவை வாசித்தேன். நல்ல மனு, காரம் தூக்கல். 'பிறர் மூச்சில் கை வைக்கும் கோழைத்தனம்' என்று எழுதியிருந்தாள். கோழைத்தனத்தை எடுத்துவிட்டு 'வழக்கம்' என்று மாற்றி வாசித்தேன்.

நடுவில் இருமல் வந்துவிட்டது. எல்லோரும் எவ்வளவு அன்பானவர்கள்! ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் ஃபேனைக் கூட்டினார். இன்ஷூரன்ஸ்காரர், "டீச்சர் வெளியில வரும்போது ஒரு மாஸ்க் போட்டுக்கலாமே" என்றார். என் காலை ஒருவர் மிதித்துக்கொண்டே, நல்ல பூட்ஸாக வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

செயலாளர் சிகரெட் தொடாதவர். அதனால் நடுநிலையாம்.

"அது பொது இடம் டீச்சர். பொது இடம்னா எல்லாருக்கும் உரிமை இருக்கு. நான் யாரையும் எதுவும் சொல்ல முடியாது. அதுவுமில்லாம, உங்க வீட்டுக்குள்ள புகை வருதுங்கறதுக்கு ஆதாரம் என்ன? உங்களுக்குத்தான் வாசனையே தெரியாதே!"

சிரிப்பு. மகள் எழுந்துவிட்டாள். "எங்கம்மா ரெண்டு நாள் ஆக்சிஜன்ல கிடந்தாங்களே, அது ஆதாரம் இல்லையா? இன்னும் என்ன வேணும் உங்களுக்கு, சுவத்துல படமா மாட்டணுமா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது. அவள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

ஆனால் செயலாளர் கேட்டது நியாயமான கேள்வி. எரிச்சலாக இருந்தாலும் நியாயம். ஆதாரம் வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

பழைய வெள்ளைத் தலையணை உறையைக் கிழித்து இரண்டு துண்டு. இரண்டையும் நனைத்துப் பிழிந்தேன்; புகைக் கறை ஈரத்தில் ஒட்டும். ஒன்று மாடிப்படிக் கைப்பிடியில், பலகைக்கு எதிரே. இன்னொன்று ஒப்பிடுவதற்கு. ஒப்பிட ஒன்று இல்லாத பரிசோதனை வெறும் அபிப்பிராயம் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! இரண்டாவதை வீட்டுக்குள் மாடிப்படியிலிருந்து ஆகத் தூரமான இடத்தில் தொங்க விட்டேன். அதாவது எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற குளியலறை. அதன் ஒரு கதவு என் அறைக்குள்தான் திறக்கும். ஷவர் படாத மூலையில், அலமாரிக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.

தினமும் நனைக்க வேண்டும். ஏழு நாள். மகளிடம் மாடிப்படித் துணியை மட்டும் காட்டினேன். "சூப்பர்மா, மாட்டிக்குவாங்க" என்றாள்.

ஜூன் 12, புதன்

சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. எதை எதிர்த்து? 'பொதுப் பாதையில் துணி உலர்த்துவது கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது. கட்டடத்தின் கௌரவம் கருதி ஒத்துழைக்கவும்.'

ஒட்டிய இடம், 'புகை பிடிக்காதீர்' பலகைக்கு நேர் கீழே. ஒட்டும்போது செயலாளர் மேல் சாம்பல் விழுந்திருக்கும். தட்டிவிட்டுக்கொண்டு ஒட்டியிருப்பார்.

"அது துணி இல்ல சார், பரிசோதனை" என்றேன்.

"பார்க்கறவங்களுக்குத் துணியாத்தானே டீச்சர் தெரியுது."

சரி. என் வீட்டு இரும்புக் கதவின் வெளிப்பக்கம் மாட்டிவிட்டேன். கதவு என்னுடையது. கௌரவமும் என்னுடையதே.

ஜூன் 14, வெள்ளி

நான்காம் நாள். குளியலறைத் துணியில் லேசாக மஞ்சள். வெளிச்சம் அப்படித் தெரிகிறதோ?

ஜூன் 17, திங்கள்

ஏழு நாள் முடிந்தது. இரண்டையும் பால்கனிக்குக் கொண்டுபோய் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.

வெளித்துணி பழுப்பேறியிருந்தது. லேசாக.

குளியலறைத் துணி... டீ சிந்தித் துடைத்தது போல இருந்தது.

மாற்றி மாட்டிவிட்டேனா? இல்லை. மூலையில் நானே பேனாவால் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

குழாய்த் தண்ணீரில் இரும்பு இருக்கும். அதுதான். அதே தண்ணீரில் ஒரு துண்டை நேற்றிலிருந்து வாளியில் ஊற வைத்திருக்கிறேன்.

இன்று காலை பார்த்தேன். வெள்ளை.

சரி, பின்பக்கக் குழாய்ச் சந்து வழியாகக் கீழ்வீட்டுப் புகை ஏறி வருகிறது. கீழ்வீட்டில் யார்? ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

சோப்பாக இருக்கலாம். ஷாம்பூவாக இருக்கலாம். ஈரத்தில் பூஞ்சை... மஞ்சள் நிறத்தில் ஒரு பூஞ்சை இல்லையா என்ன? முடிவு பிடிக்கவில்லை என்று பாத்திரத்தை மாற்று, தராசை மாற்று என்று நிற்கிற பிள்ளையை எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

மகள் அலுவலக வேலையாக நாலு நாள் வெளியூர். வழக்கமாக வீட்டிலிருந்தே வேலை செய்பவள். போகும்போது இன்ஹேலர் எங்கே, டாக்டர் நம்பர் எங்கே என்று மூன்று தடவை சொல்லிக் காட்ட வைத்தாள். "அந்த மூணு பேரும் நின்னா கதவைத் திறக்காதம்மா" என்று வாசலில் நின்று நாலாவது தடவை.

அவள் லிஃப்டில் இறங்கியதும் புதுத்துண்டு ஒன்றை நனைத்துக் குளியலறையில் மாட்டினேன்.

ஏன் மாட்டினேன்? சும்மா.

ஜூன் 24, திங்கள்

வெள்ளை.

ஜூன் 25, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் எந்தப் பிள்ளையும் முடிவு எழுதிவிடும். எனக்கு ஒரு நாள் பிடித்தது.

என் பொண்ணு. மனு எழுதினவ. கூட்டத்துல எழுந்து நின்னு கத்தினவ. ஆஸ்பத்திரியில ரெண்டு நாளும் என் கால்மாட்டுல தூங்காம உட்கார்ந்திருந்தவ. அவளா? அவதான். ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கிறாளேன்னு வெயில் மேல பழி போட்டேனே! மூக்கு போனா மூளையுமா போகும்?

இன்னொன்றையும் பார்த்தேன். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஒரு காகிதத் துண்டை அருகே பிடித்தேன். புகையை இழுக்கிற ஃபேன் காகிதத்தையும் இழுக்க வேண்டும். காகிதம் தரையில் விழுந்தது. சமையலறைப் பின்ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ஃபேனின் வெளித்தகடுகள் தெரியும். போன வருடம் கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது தகடுகளையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். பெயின்ட் இறுகி, காற்றுக்குத் திறக்க வேண்டிய தகடுகள் ஒட்டிப்போயிருக்கின்றன. செயலாளர் மேற்பார்வை. கட்டடம் பளிச்சென்று இருக்கிறது. ஒரு வருடமாக அந்த ஃபேன் சத்தத்தை மட்டும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 26, புதன்

காலையில் சாப்பாட்டு மேஜையில் மூன்று துணிகளையும் வரிசையாக வைத்தேன். மூன்றுக்கும் சீட்டு. 'வாசல் – 7 நாள்.' 'குளியலறை – 7 நாள்.' 'குளியலறை – 4 நாள், நீ ஊரில் இல்லை.'

காப்பி டம்ளரோடு வந்தாள். படித்தாள். மூன்றாவது சீட்டை இரண்டு தடவை படித்தாள். டம்ளரை மெதுவாக வைத்தாள்.

"எக்ஸாஸ்ட் போட்டுட்டுத்தான்மா..."

அவளைக் கூட்டிப் போய்க் காகிதத்தைப் பிடிக்கச் சொன்னேன். விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை அவள். அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் வெளியில போகுதுன்னு நினைச்சேன். சத்தியமாம்மா. நீ இருமும்போதெல்லாம் அந்த மூணு பேரையும்தான் மனசுக்குள்ள திட்டினேன்."

"மாடிப்படியில போய் நின்னிருக்கலாமேடீ!"

"நானா? அங்க நின்னா அன்னைக்கே பில்டிங் முழுக்க என் பேச்சுதான். டைவர்ஸ் ஆகி வந்தவ, இப்போ சிகரெட் வேறன்னு."

"ஊர் பேச்சுக்குப் பயந்து அம்மா மூச்சை எடுத்துட்டியே."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். இருமலும் சேர்ந்துகொண்டது. அவள் இன்ஹேலரை எடுக்க ஓடினாள். மூடியைக் கழற்றி என் வாயருகே பிடித்தாள்.

இருமல் அடங்கியதும் அவள் மறுபடி தரையில் உட்கார்ந்தாள். கேட்டேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்படிம்மா சொல்றது? பஸ் ஸ்டாப் பொண்ணைப் பார்த்துட்டு வந்து, பெத்தவங்க பாவம்னு சிரிச்சியே."

இந்த முறை "உட்காரு" என்று சொல்லவும் வழியில்லை. அவள் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லோர் பதிலையும் திருத்தினேனே. இதையும் எழுதி வைக்கிறேன். மகளுக்கு மூன்று. ஃபேனை நம்பியதற்காக. அந்தச் சிரிப்புக்காக எனக்குப் பூஜ்யம்.

ஜூன் 27, வியாழன்

மதியம் அவள் ஒரு பழைய கத்தியால் வெளித்தகடுகளின் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 28, வெள்ளி

"விட்டுடறேன்னு சொல்ல மாட்டேன்மா. ரெண்டு தடவை விட்டுப் பார்த்தாச்சு. மறுபடி முயற்சி பண்றேன். ஆனா வீட்டுக்குள்ள இனிமே கிடையாது. இதை மட்டும் சத்தியமா சொல்றேன்."

ஏழு. முடிகிறதை மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"அப்போ எங்க?" என்றேன். மேலே கையைக் காட்டினாள். மொட்டை மாடி. காற்றுண்டு, கதவு கிடையாது, ஜன்னல்கள் எட்டாது. புகைக்கு அதைவிட நல்ல இடம் இந்தக் கட்டடத்தில் இல்லை. முப்பது வருடமாக ஆண்களுக்கு இரண்டு மாடி ஏறச் சோம்பல், அவ்வளவுதான்.

ஜூலை 1, திங்கள்

செயலாளர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க பொண்ணு... மொட்டை மாடியில... நாலு பேர் பார்த்திருக்காங்க."

"என்ன பண்ணினா?"

"சிகரெட் டீச்சர்."

"அப்படியா. யார் வீட்டு மாடி சார் அது?"

"பொது மாடிதான், ஆனா..."

"பொது இடம்னா எல்லாருக்கும் உரிமை இருக்கு, நான் யாரையும் எதுவும் சொல்ல முடியாது. யார் சொன்னது இது? ரொம்ப நல்லா இருந்துச்சேன்னு எழுதி வெச்சிருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடும்பங்கள் இருக்கிற கட்டடம் டீச்சர். வயசுப் பொண்ணுங்க பார்த்துக் கத்துக்குவாங்க."

"பசங்க மாடிப்படியில பார்த்து என்ன சார் கத்துக்கிட்டாங்க? பலகையில எப்படி அணைக்கறதுன்னா?"

போய்விட்டார். கதவை மூடிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே வீராங்கனை, உள்ளே வெறும் அம்மா. அவள் பிடிப்பது இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளைப் பிடிக்காமல் போகவில்லை. இரண்டும் வேறு வேறு பாடம். ஒரே தாளில் எழுதிக் குழப்பிக்கொண்டிருக்கிறது ஊர். நானும்தான்.

ஜூலை 7, ஞாயிறு

அவசரக் கூட்டம். நம்பவே முடியவில்லை. மாடிப்படி, லிஃப்ட், மொட்டை மாடி, கட்டடத்துக்குள் எங்குமே யாருமே புகை பிடிக்கக் கூடாது. வாசல் கதவைத் தாண்டி வெளியேதான். ஒரு எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது. பதினோரு நிமிடம்.

என் நுரையீரல் ஒரு வருடம் முயன்றது. மனு முயன்றது. துணி முயன்றது. கடைசியில் என் மகளின் ஒரு சிகரெட் சாதித்தது. இருமல் அவர்களுக்கு ஆதாரமாகத் தெரியவில்லை. ஒரு பெண் கையில் நெருப்பைப் பார்த்ததும் எல்லோருக்கும் சுகாதாரம் புரிந்துவிட்டது.

மூக்குக்கண்ணாடிக்காரர் வெளியே வரும்போது முணுமுணுத்தார்: "உங்க பொண்ணால எங்களுக்குப் போச்சு டீச்சர்."

"ஆமா. இனிமே நீங்க நிஜமாவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கலாம். வெளியிலேர்ந்து."

ஜூலை 22, திங்கள்

டாக்டரிடம் போனேன். ஊதினேன். 260. ஜஸ்ட் பாஸுக்கும் கொஞ்சம் கீழே. "என்ன பண்ணினீங்க?" என்றார். "எங்கேர்ந்துன்னு கண்டுபிடிச்சேன்" என்றேன். எங்கிருந்து என்று அவர் கேட்டார். "எங்க வீட்டுலேர்ந்துதான் டாக்டர். அன்னைக்கு உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன்." பக்கத்தில் மகள் குனிந்துகொண்டாள். என் கையைப் பிடித்தாள், இந்த முறை மெதுவாக.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினேன். ஒரு இடத்தில்தான் நின்றேன்.

நாளுக்கு ஏழு, எட்டு இருந்தது இரண்டாகியிருக்கிறது என்கிறாள். மாலை ஆறு மணிக்கு வாசலுக்கு வெளியே மரத்தடியில் நாலு பேர் நிற்கிறார்கள். மூன்று ஆண்கள், கொஞ்சம் தள்ளி அவள். போகிற வருகிற எல்லோரும் அவளை மட்டும் பார்க்கிறார்கள். நான் பால்கனியில் நின்று, பார்க்கிறவர்களைப் பார்க்கிறேன். கடைசி பெஞ்சில் பேசுகிறவனை நிறுத்துவதற்கென்று முப்பத்தொரு வருடம் வைத்திருந்த பார்வை ஒன்று உண்டு. இன்னும் வேலை செய்கிறது. இன்று பைக்கில் வந்த ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனார்.

செயலாளர் வந்து அறிவிப்புப் பலகைக்கு, "ஆரோக்கியம் பத்தி ஒரு பத்து வரி எழுதித் தாங்க டீச்சர்" என்றார். சமாதானத் தூது. பத்து வரி எதற்கு? ஒன்று போதும். நாளைக்கு இதைக் கொடுக்கப் போகிறேன்:

ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, உங்கள் வீட்டில் உங்களுக்குச் சந்தேகமே இல்லாத அறையில் ஏழு நாள் தொங்க விட்டுப் பாருங்கள்.